பிடுங்காமல் விட்ட கோரை

கோரையப் பத்திப் பேசத்தானே வந்தீங்க? உட்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாம், அதுல ஒரு காலு ஆடும். இப்படி சோபாவுல உட்காருங்க. நீங்க பக்கத்துல குடி வந்ததுமே நான் ஒரு எட்டு வந்து பார்த்திருக்கணும். வீட்ட விட்டு நகர முடியறதில்லைங்க. அவர விட்டுட்டு எங்க போறது.

உள்ள வர்றப்போ போர்ட்டிகோவுல பார்த்திருப்பீங்க, வீல்சேர்ல. அவருதான் எங்க ஊட்டுக்காரரு. பேரு கேட்டுல போர்டுல இருக்கு. நான் சொல்றதில்லைங்க, பழக்கமாயிருச்சு. நாம பேசறது அவருக்குக் கேக்கும். ஜன்னல் தொறந்துதானே கெடக்குது. காதுக்கு ஒண்ணும் இல்ல, புத்தியும் தெளிவு. புரியறதெல்லாம் நல்லாப் புரியுதும்மா, வார்த்த வெளிய வர்றதுதான் செரமம்னு டாக்டரே சொன்னாரு. கேக்கட்டுமுங்க. ஒளிச்சுப் பேச என்ன இருக்குது.

நீங்க போட்ட புது லானு பூராக் கோரை மொளைக்குது, எங்க பக்கமிருந்து கம்பி வேலிக்கு அடியில வருதுன்னு உங்க வீட்டுக்காரரு நெனைக்கறாரு. அவருக்குச் சொல்லச் சங்கடம், உங்கள அனுப்பியிருக்காரு. தப்பில்லைங்க. வரும். கோரை அப்படித்தான். மேல பார்த்தா நாலு தாளு, புல்லு மாதிரிதான் இருக்கும். கீழ கெழங்கு. ஒரு கெழங்குல இருந்து நரம்பு மாதிரி ஓடி அடுத்த கெழங்கு வெக்கும், அதுல இருந்து இன்னொண்ணு. நீங்க மேல இழுத்தா தாளு மட்டும் கையோட வரும். புடுங்கிட்டோம்னு நெனச்சுக்குவோம். நாலு நாள் கழிச்சுப் பார்த்தா அந்த எடத்துல ரெண்டு நிக்கும்.

மழை பேஞ்ச மறுநாள் எடுக்கணும். மண்ணு எளகி இருக்கறப்போ. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் இருந்தா பக்கத்துல ஆழமாக் குத்தி, நெம்பி, கெழங்கோட தூக்கணும். தூக்குனதக் குப்பைக் குழியில போட்டுராதீங்க, அங்கயே மொளைச்சுரும். காயவெச்சுக் கொளுத்தணும். சாதாக் களை மருந்தடிச்சா மூக்குத்திப்பூச் செடி, புளியாரை, அம்மான் பச்சரிசி இதெல்லாம் போயிரும். கோரை அந்த மருந்துக்குக் கேக்காது. தாளு கருகும், அப்பறம் மறுபடி பச்ச கட்டும். கோரைக்குன்னு தனி மருந்து இருக்குது, அதையும் திரும்பத் திரும்ப அடிக்கோணும்.

இவ்வளவு தெரிஞ்சவ ஏன் இப்படி விட்டு வெச்சிருக்கான்னுதானே பார்க்கறீங்க. சொல்றேன். காப்பி வெச்சிருக்கறேன், சித்த நேரத்துல ஆயிரும்.

அவரு மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவருங்க. சின்ன வயசுல அதே மில்லுல சாதா வேலைக்குச் சேர்ந்தவரு. மேனேஜர் பங்களா முன்னால பெரிய லான் இருக்குமாம். சம்பளத்துல ஏதாச்சும் கொறை சொல்லப் போனா, அந்தப் புல்லு மேல கால் வெக்காம ஓரமாச் சிமிட்டிப் பாதையில நிக்கோணுமாம். அது அவரு மனசுல நின்னுருச்சு. பல்லடம் ரோட்டுல இந்த எடத்த வாங்குனப்பவே சொல்லிப்போட்டாரு, முன்னால லான்தான்னு.

நான் கறிவேப்பிலை ஒண்ணு, முருங்கை ஒண்ணு, நாலு கத்திரி வெக்கலாம்னு நெனச்சிருந்தேன். சொல்லலைங்க. கேட்டாத்தானே சொல்றது.

கொரியன் புல்லு. பாய் மாதிரி சுருட்டி வேன்ல வந்து எறக்குனாங்க. அதுக்கு முன்னால செம்மண்ணு லோடு வந்துச்சு. அந்த மண்ணுலதான் கோரைக் கெழங்கு இருந்திருக்குது. சலிச்சுப் போட்டிருக்கணும். நீங்களும் சலிக்காமத்தான் போட்டீங்க, நான் மாடியில துணி காயப்போடறப்போ பார்த்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல.

துணின்னதும் ஞாபகம் வருது. அந்தப் புல்லுக்கு மேல கொடி கட்டக் கூடாது. வடகம் காயப்போடக் கூடாது. எங்க பிருந்தா, மக, பூனாவுல இருக்கறா, அவ கொழந்தையக் கூட்டிட்டு வந்தா, அது ஓடுனாக் கூட அவருக்கு மூஞ்சி சுருங்கும். செருப்போட யாரும் மிதிக்கக் கூடாது. செருப்பில்லாம மிதிக்கறதும் அவருக்குப் புடிக்காது. தெனமும் காத்தால ஒரு முக்காலியப் போட்டு உட்கார்ந்து கோரை எடுப்பாரு. எடுத்து எடுத்துப் பின்னால போடுவாரு. நான் அன்னக்கூடையோட பின்னாலயே குனிஞ்சு போயிப் பொறுக்கணும். அப்படித்தான் எனக்கும் இத்தனையும் தெரிஞ்சுது. அவரு எனக்குன்னு சொல்லிக் குடுத்ததில்ல. வர்றவங்க போறவங்ககிட்டச் சொல்லுவாரு, நான் கேட்டுக்குவேன்.

கொடுமக்காரரு இல்லைங்க. அப்படி நெனச்சுராதீங்க. கை நீட்டுனதில்ல. குடி கெடையாது. நல்லது கெட்டதுக்கு ஒரு கொறையும் வெச்சதில்ல. பேச்சுதான் கம்மி. அதுவும் ஆம்பளைங்க அப்படித்தானே.

போன ஆடியில ஒரு நா காத்தால கோரை எடுத்துட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சுட்டாரு. நான் கூடையக் கொட்டிட்டு வர்றதுக்குள்ள. முக்காலி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், கன்னம் புல்லுல பட்டுக்கிட்டுக் கெடந்தாரு. ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆசுபத்திரியில நர்ஸு அவரு எடது கையப் பிரிச்சு எடுத்தாங்க. உள்ள ஒரு கத்தைக் கோரை, கெழங்கோட. இத என்ன பண்ணட்டும்மானு கேட்டாங்க. குடுங்கனு வாங்கி பேக்குல போட்டுக்கிட்டேன். எதுக்கு வாங்குனேன்னு தெரியல. கொளுத்தணுமில்ல, அதுக்காக இருக்கும்.

வலது கை, வலது கால் போச்சு. பேச்சு சுத்தமாப் போச்சு. பிருந்தா வந்து இருந்தா, அழுதா, வீல்சேர் வாங்குனா, கையி காலு அமுக்கிப் பழக்கி விட ஒருத்தர ஏற்பாடு பண்ணுனா. லீவு முடிஞ்சுது, போயிட்டா. அவளுக்கும் குடும்பம் இருக்குதில்லைங்க.

அப்பறம் நானும் அவரும்தான். குளிப்பாட்டறது, தொடைக்கறது, ஊட்டறது. எல்லாம் செஞ்சேன். இந்தத் தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க, உங்கள மாதிரி யாரு பார்ப்பாங்கன்னு. எதிர் வீட்டு டீச்சரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதே போட்டாங்க. எனக்கு அழுகை வரலைங்க. வருத்தமுமில்ல, கோவமுமில்ல. ஒரே பக்கமாப் படுத்துத் தூங்கி எந்திரிச்சாக் கையி மரத்துக் கெடக்குமில்ல, அப்படி இருந்துச்சு. தொட்டாத் தெரியும், நம்ம கையின்னு தோணாது.

காத்தால அவரப் போர்ட்டிகோவுல லானப் பார்த்து உட்கார வெப்பேன். வேற எங்க வெச்சாலும் மொனகுவாரு. மொதல்ல கொஞ்ச நாள் நானே கோரை எடுத்தேன். நான் எடுக்க எடுக்க அவரு எடது கைய நீட்டிக் காட்டுவாரு, விட்டுப்போனத. அங்க போயி எடுப்பேன். மறுபடி நீட்டுவாரு. ஐப்பசி மழ புடிச்சதும் என்னால ஆகல. இடுப்பு வலி. அவரத் தூக்கி எறக்கறதே பெரும்பாடு. கோரை வந்துச்சு. விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் நிலோஃபருன்னு ஒரு பொண்ணு வர ஆரம்பிச்சுது. பேச வராதவங்களுக்குப் பேச்சுப் பழக்கற படிப்புப் படிச்ச பொண்ணு. நல்ல பொண்ணு, பொறுமை. வாரத்துல ரெண்டு நா வரும். கொடை, பசுமாடு, சாவி, டம்ளர்னு படம் போட்ட அட்டையெல்லாம் கொண்டு வந்து காட்டும். சார், இது என்ன சார்ங்கும். அவரு அட்டையப் பார்க்கவே மாட்டாரு. அட்டைக்கு மேல லானப் பார்த்துக்கிட்டிருப்பாரு. சாமி பாட்டுப் போட்டுப் பார்த்துச்சு. மில்லு சங்கு சத்தத்தக் கூட எங்கிருந்தோ போன்ல எடுத்துட்டு வந்து போட்டுச்சு. ஒண்ணும் அசையல.

கார்த்திகையில கோரை பூத்துருச்சு. செம்பட்டை முடியாட்டம் நிக்குமில்ல, அந்தப் பூ. லானு பூரா. அன்னைக்கு அந்தப் பொண்ணு அட்டைய எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குது, அவரு ஒதடு ஒரு பக்கமா இழுத்துச்சு, தொண்டையில என்னமோ கரகரன்னுது. அப்பறம் சொன்னாரு.

“கோரை.”

தெளிவாச் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவரு கையப் புடிச்சுக்கிட்டு, சார் இன்னொருக்காச் சொல்லுங்க சார்ங்குது. சொன்னாரு. பிருந்தாவுக்கு வீடியோ கால் போட்டுச்சு, அவ ஆபீஸ்ல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவறா. டீச்சரம்மா ஓடி வந்தாங்க. எல்லாரும் என்னையப் பார்க்கறாங்க. நான் அடுப்புல பால் வெச்சிருந்தேன். பொங்கியிருமேன்னு உள்ள போயிட்டேன்.

மறு வாரம் அடுத்த வார்த்த வந்துச்சு. “புடுங்கு”ன்னாரு. என்னையப் பார்த்து.

நான் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கப் போனேன். அந்தப் பொண்ணுதான் தடுத்துச்சு. வேண்டாம்மா, அதப் புடுங்கிட்டா சாருக்குப் பேச வேண்டிய அவசியம் போயிரும், அவருக்கு எதுல மனசு இருக்குதோ அது கண்ணு முன்னால இருக்கட்டும்னுது. பிருந்தாவும் போன்ல சொல்லிப்போட்டா, அம்மா லான்ல கை வெச்சிராத, அப்பா பேசறதே அதனாலதான்னு.

செரின்னேன். அப்படித்தான் கோரை நின்னுச்சு. இவ்வளவுதாங்க காரணம். வைத்தியத்துக்குனு விட்டது.

கோரை ஏற ஏற வார்த்தையும் ஏறிச்சு. அங்க. வேரு. கெழங்கு. தண்ணி. மம்முட்டி. பூ வந்துருச்சு. இப்படி. நாள் பூரா அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிட்டே இருப்பாரு. கொரியன் புல்லு மஞ்சளாயி அடங்கிப் போச்சு. அவரு கண்ணுல தண்ணி வடியும். வாதம் வந்தா அப்படி வடியுமாம், தொடச்சு விடுவேன்.

இருங்க, காப்பி எடுத்துட்டு வர்றேன்.

சக்கரை போதுமுங்களா?

எங்க விட்டேன். ஆமா. தை பொறந்தப்பறம் ஒரு நா அந்தப் பொண்ணு சொல்லுச்சு, இனி ஆளுங்களக் கூப்பிடப் பழகணும்மா, மொதல்ல உங்களத்தான். சார் உங்கள எப்படிக் கூப்பிடுவாரு? அவரு வழக்கமாக் கூப்பிடற வார்த்தையச் சொல்லுங்க, அதுதான் சீக்கரம் வரும்னுது.

நான் நின்னு யோசிச்சேன் அம்மிணி. ரொம்ப நேரம் யோசிச்சேன். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து யோசிச்சுப் பார்த்தேன். “இந்தா”ம்பாரு. தொண்டையக் கனைப்பாரு. மேசையத் தட்டுவாரு. பிருந்தா பொறந்தப்பறம் அவளக் கூப்பிட்டு, உங்கம்மாகிட்டச் சொல்லும்பாரு. அவ கல்யாணமாகிப் போனப்பறம் அதுவுமில்ல. நான் பின்னாலயேதான் கூடையோட நிப்பேன், கூப்பிட என்ன அவசியம்?

அப்ப அவரும் அங்கதான் உட்கார்ந்திருக்கறாரு. என்னையப் பார்த்துட்டே இருக்கறாரு.

“பேரு சொல்லித்தாம்மா கூப்பிடுவாரு”ன்னு சொன்னேன்.

எதுக்குச் சொன்னேன்னு கேக்காதீங்க. சின்னப் பொண்ணு, கல்யாணம் பேசிட்டிருக்கறாங்க அதுக்கு. அதுகிட்டப் போயி இந்தான்னு கூப்பிடுவாருன்னா சொல்றது? அவரு ஒதடு என்னமோ அசைஞ்சுது. இல்லைன்னு சொல்ல வந்தாரோ என்னமோ. இல்லைங்கற வார்த்த அவருக்கு அப்ப வராதுங்க.

என் முழுப் பேரு மங்கையர்க்கரசி. அது நீளம், நாக்கு பொரளாது, சுருக்கி எப்படிக் கூப்பிடுவாருன்னு கேட்டுச்சு. எங்கம்மா வீட்டுல மங்கைம்பாங்க. எங்கண்ணன் போனதுக்கப்பறம் அப்படிக் கூப்பிட ஆளில்ல. அதையே சொல்லிவெச்சேன். அதுக்குச் சந்தோஷம். ஒதட்ட மூடுனா ‘ம’ வந்துரும், சுலபம்மானுது.

வரல. ஒதட்ட இறுக்கி மூடிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. மம்முட்டி சொல்லுங்க சார்னா உடனே சொல்லுவாரு. மங்கைன்னா திருப்பிக்குவாரு. பாவம், செரமமா இருந்திருக்கும். வார்த்தைக்கு வார்த்த வித்தியாசம் இருக்குமாம், அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

அப்பறம் அது ஒரு வழி சொல்லுச்சு. நீங்க அவரு கையாட்டுனதும் ஓடிப் போறீங்கம்மா, தட்டுனதும் போறீங்க, அப்பறம் அவரு எதுக்குப் பேரச் சொல்லோணும்? கொஞ்சம் பொறுத்துப் போங்க, ஒரு முயற்சியாச்சும் பண்ணட்டும்னுது. நான் அதக் கேட்டு நடந்தேன். சொன்னதச் சொன்னபடி செய்யறதுதானே எனக்குப் பழக்கம். கையாட்டுனாரு, போகல. வீல்சேரத் தட்டுனாரு, போகல. சாப்பாட்டு நேரம், மருந்து நேரம், ஒண்ணுக்குப் போற நேரம் எல்லாம் எனக்குத் தெரியும், அதுக்குத் தானாப் போயிருவேன். நடுவுல கூப்பிட்டா மட்டும்தான் பொறுத்திருந்தேன்.

மாசியில ஒரு நா. போர்ட்டிகோவுல நெழலுதான் எப்பவும். மாசியில வெயிலு கொஞ்சம் சாஞ்சு அடிக்கும், அத நான் யோசிக்கல. சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா அவரு தெரியும். வெயிலு மொதல்ல அவரு கால்ல இருந்துச்சு. அப்பறம் மடியில. அவரு தட்டுனாரு. நான் கையில கீரையோட நின்னேன். மறுபடி தட்டுனாரு. வெயிலு மூஞ்சிக்கு வந்துருச்சு. கண்ண மூடிக்கிட்டாரு. நெத்தியில வேர்வை ஓடுது. கோரைன்னாரு. புடுங்குன்னாரு. தெரிஞ்ச வார்த்த எல்லாத்தையும் சொன்னாரு, ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் ஜன்னக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். நான் போயிருப்பேன் அம்மிணி. ஆனா அந்தப் பொண்ணு இவ்வளவு பாடுபட்டுது, நடுவுல போயிக் கெடுத்துரக் கூடாதில்ல.

கடைசியில சொன்னாரு.

“ம… மங்கை.”

போனேன். சேர நெழலுக்குத் தள்ளுனேன். ஈரத்துணியில மூஞ்சியத் தொடச்சேன், மோரு குடுத்தேன். கன்னம் செவந்து போயிருந்துச்சு, தேங்கா எண்ணெ தடவுனேன். அவரு என்னையப் பார்க்கவே இல்ல. அழுகை வரும்னு நெனச்சேன். வரல. உள்ள போயி விட்ட எடத்துல இருந்து கீரைய ஆஞ்சு முடிச்சேன்.

அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னப்போ என்னையக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. வெயிலச் சொல்லல, அது எதுக்கு. இப்ப நல்லாக் கூப்பிடறாரு. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ. பிருந்தாவுக்கு ஆச்சரியம். அப்பா உன்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லயேம்மானா. நீ இல்லாதப்போ கூப்பிடுவாருன்னு சொன்னேன். அவ சாப்பிட்டியாம்மான்னு கேட்டா.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். வேலி ஓரமா ரெண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கடப்பாக்கல்ல நெட்டுக்குத்தா எறக்கிருங்க. இந்தப் பக்கத்துக் கெழங்கு அதத் தாண்டி வராது. உங்க பக்கம் இருக்கறத இப்பவே, எளசா இருக்கறப்பவே எடுத்துருங்க. தெனமும் உட்காரணும். ஒரு நா விட்டாலும் புடிச்சுக்கும்.

உங்க தோட்டக்காரர அனுப்பி எங்க பக்கத்தையும் சேர்த்துச் சுத்தம் பண்ணித் தர்றேங்கறீங்க. பெரிய மனசு உங்களுக்கு. அந்தப் பொண்ணும் அதத்தான் சொல்லுச்சு போன வாரம். சாருக்குப் பேச்சு வந்துருச்சு, இனி கோரைய எடுத்துரலாம்மா, அவருக்கும் நிம்மதியா இருக்கும்னு. பிருந்தாவும் சொன்னா. ஆளு விட்டா ஒரே நாளுல ஆயிரும். நான்தான் பார்க்கலாம்னுட்டேன். வெயிலு காலம், இப்ப எடுத்தாப் புழுதிதான் பறக்கும். மழைக்கு அப்பறம் பார்க்கலாமுங்க. இப்ப இருக்கட்டும்.

அவருக்கா? அவரு புடுங்கு புடுங்குன்னு சொல்லிட்டேதான் இருக்கறாரு. அது இப்ப அவருக்கு வாயோட வர்றதுங்க, அதுக்கு அர்த்தம் பார்க்க முடியுமா.

கேட்டுச்சா அம்மிணி? அவருதான். மங்கைன்னாரு, நல்லாத் தெளிவா. ‘ங்’ அழுத்தமா வருது பாருங்க, அதுதான் வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு.

இல்லைங்க, நீங்க எந்திரிக்காதீங்க. தண்ணி கேப்பாரு, வேறொண்ணும் இருக்காது. காப்பி ஆறுது, குடிங்க.

இன்னொருக்காக் கூப்பிடுவாரு. கூப்பிட்டதும் போறேன்.